பந்தலில் குழந்தை, பஸ்ஸில் தாய்

இந்த வருடம் மலையனூர் மாசித் தேருக்கு வரும் குழந்தைகளின் மணிக்கட்டில் பட்டை ஒன்றைக் கட்டி, அதில் வீட்டாரின் போன் நம்பரை எழுதிவிடப் போகிறார்கள் என்று ரேவதி போன் செய்து சொன்னாள். ரேவதி என்னோடு திண்டிவனத்தில் வேலை பார்த்த காவலர். நான் ஓய்வு பெற்ற பிறகும் ஸ்டேஷனில் புதிதாக ஏதாவது வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள்.

"இனிமே பேஜாரே இல்லம்மா. நம்பருக்குப் போன் அடிச்சா வந்து இட்டுக்கினு பூடுவாங்க" என்றாள்.

நல்ல ஏற்பாடுதான். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் போனை வைத்த பிறகு கைவேலை ஓடவில்லை. அந்த நம்பரில் எடுப்பவர் யாராக இருப்பார், அவர் வந்து நின்றால் குழந்தை என்ன செய்யும் என்றே நினைப்பு ஓடியது. மறுநாள் ரேவதி திரும்பவும் கூப்பிட்டு, "காணாம போன புள்ளைங்க பந்தல்ல உங்க அனுபவத்த எழுதிக் குடுங்கம்மா, புதுசா வந்த பொண்ணுங்க படிக்கட்டும்" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் எழுதத் தக்கதாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு நாள்தான். மற்றதெல்லாம் அந்த நாளுக்கு வழி.

நான் பிறந்தது பிரம்மதேசம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் கேப்பையும் போட்டுப் பிழைத்த வீடு. போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பாவுக்குச் சொல்லாமல் அண்ணனோடு விழுப்புரம் போய் ஓடி, தாண்டி, தேர்வாகிவிட்டேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில், பரேடு, காலில் கொப்புளம், சட்டப் பிரிவுகளின் மனப்பாடம். அங்கே சொல்லித்தராத பாடம் கூட்டம். அதை மலையனூரில்தான் கற்றேன்.

எங்கள் மாவட்டத்தில் வேலை பார்க்கும் காவலர் யாரும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் பந்தோபஸ்திலிருந்து தப்ப முடியாது. அமாவாசைக்கு அமாவாசை திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வேன் வைத்து எங்களை அள்ளிக்கொண்டு போவார்கள். மாசித் திருவிழா என்றால் வீட்டை மறந்துவிட வேண்டியதுதான். அதிலும் தேர் நாள் இருக்கிறதே, அது வேறு. உழவர்கள் தங்கள் காட்டில் விளைந்ததை மூட்டையாகக் கொண்டுவந்து தேர் மீது வாரி இறைப்பார்கள். மல்லாட்டை, கேப்பை, கம்பு, கத்திரிக்காய், காசு எல்லாம் மழைபோல விழும். விழுந்ததைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் நல்லது என்று அத்தனை பேரும் ஒரே சமயத்தில் குனிவார்கள். குனிந்தவர் நிமிரும்போது கையில் மல்லாட்டை இருக்கும். கையில் பிடித்திருந்த குழந்தை இருக்காது.

அதற்காகத்தான் தேரடியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பந்தல் போட்டு, 'காணாமல் போனோர் உதவி மையம்' என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். நான் முதலில் அங்கே போன வருடங்களில் முறை என்று ஒன்றும் இல்லை. குழந்தை வந்தால் பெஞ்சில் உட்காரவைப்போம். மைக்கில் பெயரையும் அடையாளத்தையும் சொல்வோம். யாராவது அழுதுகொண்டு ஓடிவந்தால் தூக்கிக் கொடுத்துவிடுவோம்.

ஒரு முறை வெளியூர் அம்மா ஒருத்தி ஓடிவந்து, பெஞ்சிலிருந்த மொட்டைத் தலைப் பையனை வாரி அணைத்துக்கொண்டு போய்விட்டாள். மலையனூரில் முடியிறக்கிய குழந்தைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மொட்டைத் தலை, மேலே காய்ந்த சந்தனம், அழுது வீங்கிய முகம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, சந்தனத்தைத் துடைத்த பிறகுதான் தன் பிள்ளை இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நல்லவேளை, பஸ் கிளம்பவில்லை. அவள் திரும்பி ஓடிவந்தபோது அவளுடைய சொந்தப் பிள்ளை அதே பெஞ்சின் மறு ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் கிளம்பியிருந்தால் என்ற நினைப்பு வெகு நாளைக்கு என்னை விடவில்லை.

பிறகு பந்தலுக்குப் பொறுப்பாக எஸ்.ஐ. செல்வராணி வந்தார். குள்ளமான, பருத்த உடம்பு. எவ்வளவு பெரிய களேபரத்திலும் முதலில் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொள்வார். குரலை உயர்த்த மாட்டார். பிக்பாக்கெட் அடித்து மாட்டியவனையும் "வாங்க, உக்காருங்க" என்பார்.

வந்த முதல் நாளே பந்தலின் நடுவே ஒரு பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டச் சொன்னார். குழந்தைகள் திரைக்கு உள்ளே. தேடி வருபவர்கள் வெளியே. மைக்கில் குழந்தையின் பெயரைச் சொல்லக் கூடாது. "பேரு தெரிஞ்சா எவன் வேணா பேரு சொல்லிக் கூப்பிடுவான். புள்ளயும் திரும்பிப் பாக்கும்" என்றார். உத்தேச வயது, உடுப்பின் நிறம், அவ்வளவுதான் மைக்கில் போகும். மீதியை வருபவர் சொல்ல வேண்டும். மச்சம் எங்கே, தழும்பு எங்கே, காலையில் என்ன சாப்பிட்டது, இடுப்பில் என்ன கயிறு.

வந்தவரிடம் முதலில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்வார். பிறகு அவர் சொன்னதைத் தானே திருப்பிச் சொல்வார், ஒன்றை மட்டும் மாற்றி. "அப்போ பச்சைப் பாவாடை போட்ட பாப்பா, இல்லீங்களா?" என்பார். "ஐயோ இல்லம்மா, மஞ்சள்னு சொன்னேனே" என்று பதறித் திருத்தினால் எங்களைப் பார்த்துத் தலையசைப்பார். திருத்தாமல் திரைப் பக்கம் எட்டிப் பார்ப்பவருக்கு இன்னொரு தம்ளர் தண்ணீர் வரும். அந்த வேடிக்கையில் இரண்டு மூன்று பேர் மெல்ல நழுவிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அப்போது நான் தலைமைக் காவலர். ஜனங்கள் ஏட்டம்மா என்று கூப்பிடுவார்கள். தேர் நிலையை விட்டுக் கிளம்பிய பிற்பகல். எஸ்.ஐ. அம்மாவைத் தேரடிக்குக் கூப்பிட்டுக்கொண்டதால் பந்தலில் நானும் ரேவதியும்தான் இருந்தோம். வளையல் கடைக்காரம்மா ஒருத்தி ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடைப் பலகைக்கு அடியில் ஒண்டிக்கொண்டு இருந்ததாம்.

நாலு வயது இருக்கலாம். சிவப்புப் பாவாடை. மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தது. அழவில்லை, பேசவும் இல்லை. பெயரைக் கேட்டால் என் உதட்டைப் பார்த்தது. பிஸ்கட் கொடுத்தால் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டது. முகம், காதெல்லாம் சந்தனம் வழிந்து காய்ந்திருந்ததால் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தேன். காது மடலில் துணி பட்டதும் வலியில் முகத்தைச் சுளித்தது. பார்த்தால் இரண்டு காதும் அன்று காலையில்தான் குத்தியிருக்கிறார்கள். மெல்லிய கம்பி வளையம், ஓரத்தில் உறைந்த ரத்தப் பொட்டு. முடியிறக்கி, காது குத்தி, சொந்தபந்தம் சூழ வந்த குழந்தை என்று புரிந்தது. தேடி அலறிக்கொண்டு வருவார்கள் என்று காத்திருந்தேன்.

மைக்கில் சொல்லிக் கொஞ்ச நேரத்திலேயே ஓர் ஆள் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சுத்தமான வெள்ளைச் சட்டை, அதன் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. காலில் செருப்பில்லை. "சிவப்புப் பாவாடைன்னு சொன்னீங்களே, எம் பொண்ணுதான் ஏட்டம்மா. யாழினி பேரு" என்றார். தன் பெயர் குமரவேல் என்றார். பாண்டிச்சேரியில் கம்பெனி வேலை.

முறைப்படி கேட்டேன். இடது காதுக்குப் பின்னால் மச்சம் என்றார். இருந்தது. முட்டியில் அயர்ன் பாக்ஸ் சுட்ட வடு என்றார். இருந்தது. போனில் போட்டோ காட்டினார். அவர் தோளில் அதே குழந்தை, தலை நிறைய முடியோடு, இன்னும் சின்னதாக. வேறென்ன வேண்டும்? ரேவதியைத் திரையை விலக்கச் சொன்னேன்.

குழந்தை அவரைப் பார்த்தது. ஓடிப்போகவும் இல்லை, பயந்து அழவும் இல்லை. என் தோளில் தொங்கிய விசில் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

சும்மா கேட்பதுபோல, "காதுல என்ன போட்டிருக்கீங்க பாப்பாவுக்கு?" என்றேன்.

"இன்னும் காது குத்தலீங்களே" என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல்.

ரேவதி என்னைப் பார்த்தாள். நான் குழந்தையின் தலையை என் பக்கமாகச் சாய்த்துக்கொண்டேன்.

"கூட யாரு வந்தது?"

"வீட்டுக்காரம்மா. கியூல நிக்கிறாங்க."

"கூப்பிடுங்க அவங்கள. வந்ததும் குடுத்துடறேன்."

போனைக் காதில் வைத்தார். லைன் கிடைக்கவில்லை என்றார். அது பொய்யில்லை. அத்தனை ஜனம் கூடினால் யாருடைய போனும் போகாது. "கியூல போய்ப் பாக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். பெத்த அப்பன் கேக்கறேன், குடுங்கம்மா" என்றார். குரல் உடைந்தது. நடிப்பதாகத் தோன்றவில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. திருடனாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். இந்த ஆள் அப்பாதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்பாவாக இருந்தும் காலையில் மகளுக்குக் காது குத்தியது தெரியாத அப்பா.

பந்தலைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் தோளில் துண்டோடு முன்னால் வந்தார். "இன்னாம்மா இது? போட்டோ காட்டறாரு, மச்சம் சொல்றாரு, இன்னும் இன்னா வேணும் உனக்கு? ஜல்தி குடுத்து அனுப்பு" என்றார். பின்னாலிருந்து ஒருவன், "இவங்களே வெச்சுக்கப் போறாங்களா?" என்றான். யாரோ போனில் என்னைப் படம் பிடித்தார்கள்.

நான் தப்பாக இருந்தால் என்ன ஆகும்? பெற்றவனிடம் பிள்ளையைக் கொடுக்க மறுத்த போலீஸ்காரி என்று ஊரெல்லாம் படம் ஓடும். தகப்பன் தன் பிள்ளையை அழைத்துப் போவது குற்றம் என்று எந்தப் பிரிவைக் காட்டி நிறுத்துவேன்? வயர்லெஸ்ஸில் எஸ்.ஐ. அம்மாவைப் பிடித்தேன். தேர்ச் சக்கரம் திருப்பத்தில் பதிந்து நின்றுவிட்டது, நகர முடியாது என்றார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கூச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "குடுக்காத. ஒக்கார வை. வர்றேன்."

உட்கார வைத்தேன். அவரும் உட்கார்ந்தார். ஓடிப்போயிருக்கலாம், ஓடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் பாதத்தில் கண்ணாடியோ ஆணியோ கிழித்து ரத்தம் வழிவதைக் கவனித்தேன். பஞ்சு வேண்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தோம். வேறு ஒருவரும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயம். காது குத்தக் கூட்டிவந்த தாய் எங்கே? மாமன் எங்கே? இத்தனை நேரம் ஒரு பிள்ளையைத் தேடாத குடும்பம் உண்டா? ஒருவேளை தாய் கூட்டத்தில் மிதிபட்டு விழுந்துவிட்டாளோ என்று ரேவதியை மருத்துவ முகாமுக்கு அனுப்பினேன். அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தாள்.

எஸ்.ஐ. அம்மா வேர்த்து நனைந்து வந்தார். நாற்காலியை இழுத்துக் குமரவேலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "தண்ணி குடிங்க மொதல்ல" என்றார். பிறகு வழக்கமான வேலை. "வலது காதுப் பக்கம் மச்சம்னு சொன்னீங்க."

"இடது காதும்மா."

"முட்டியில மாடு முட்டின வடு."

"இல்லீங்க. அயர்ன் பாக்ஸ். நான் சட்டை தேச்சுக்கினு இருந்தேன், தவழ்ந்து வந்து இடிச்சுக்கிச்சு."

அவர் எல்லாவற்றிலும் தேறினார். எஸ்.ஐ. அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவரும் குழம்புவது எனக்குத் தெரிந்தது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "கடைசியா எப்பங்க கொழந்தைக்குச் சாப்பாடு ஊட்டினீங்க?"

அந்த ஆள் பதில் சொல்ல வாயைத் திறந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினார். பிரமுகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"வருஷம் தாண்டிப் போச்சும்மா" என்றார் கடைசியில்.

அப்புறம் எல்லாம் வந்தது. மனைவி தேவகி சண்டை போட்டுக்கொண்டு வல்லம் பக்கத்தில் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். இவர் குடித்துவிட்டுக் கை நீட்டினார் என்பது அவள் பக்கம். அதை இவரும் மறுக்கவில்லை. குழந்தையைப் பார்க்கப் போனால் மச்சான் ஏழுமலை வாசலிலேயே நிறுத்தினான். தேருக்கு வந்து முடியிறக்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்ல, காலையிலேயே பாண்டியிலிருந்து கிளம்பி வந்திருக்கிறார். பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றார். தேர் நகர்ந்து, மல்லாட்டையும் காயும் மேலே விழுந்து, எல்லோரும் குனிந்த நேரம். குழந்தை தனியே நின்றது. கையை நீட்டினார். அதுவும் கையைக் கொடுத்தது.

"இட்டுக்கினு நடந்துட்டேன். என்னை மீறிப் போச்சும்மா. மச்சான் பாத்துட்டு 'டேய்'ன்னு கத்தினான், சட்டையப் பிடிச்சான். உருவிக்கினு ஓடினேன். ஓடறப்போ ஜனம் நெருக்கி... பாப்பா கை நழுவிடுச்சு. செத்துட்டேன்மா நான். மைக்குல சொன்னப்பதான் உசுரு வந்துச்சு."

எஸ்.ஐ. அம்மா எழுந்து நின்றார். பந்தலில் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை.

"உங்க மச்சான் கொழந்தை உங்க கையில இருக்கறதப் பாத்தாரா?"

"பாத்தான்."

"கை நழுவினதப் பாத்தாரா?"

அவர் யோசித்தார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

அதனால்தான் பந்தலுக்கு ஒருவரும் வரவில்லை. அவர்களைப் பொறுத்தவரை குழந்தை தொலையவில்லை. அப்பன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போன இடம் பாண்டி. பாண்டி என்றால் நம் மாவட்டத்தைத் தாண்டி வேறு சர்க்கார். திண்டிவனம் போய், பஸ் மாறி, கிளியனூர் வழியாக எல்லை தாண்டிவிட்டால் நாங்கள் கூப்பிட்டுக் கேட்கவும் ஆள் தேட வேண்டும். அவர்கள் இந்நேரம் இவருடைய வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார்.

"எங்கம்மா மட்டும்தான்."

ஏழுமலை எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டார். "தங்கச்சின்னா உசுர விடுவான். கோவம் வந்தா கண்ணு தெரியாது" என்றார் குமரவேல். சொல்லும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது. "ஜல்தி எதாச்சும் பண்ணுங்கம்மா" என்று எழுந்துவிட்டார்.

வயர்லெஸ்ஸில் முதலில் செஞ்சி, பிறகு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. ஓர் ஆணும் பெண்ணும், பதற்றமாக இருப்பார்கள், பாண்டி பஸ்ஸில் ஏறுவார்கள். இதற்கு மேல் எங்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை. திருவிழா நாளில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பதற்றமில்லாதவர் யார்? பார்க்கிறோம் என்றார்கள். பிறகு, கூட்டமாக இருக்கிறது, அப்படி யாரும் தென்படவில்லை என்றார்கள். குழந்தை என் மடியிலேயே தூங்கிவிட்டது. விசில் கயிற்றை மட்டும் விடவில்லை. நான் அசையாமல் உட்கார்ந்து வயர்லெஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்.ஐ. அம்மா கடைசியாகக் கிளியனூருக்குச் சொன்னார். பாண்டி போகும் பஸ் ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்க்கச் சொன்னார்.

கிளியனூர் சாலையில் அன்று இருந்தவர் காதர். கோட்டக்குப்பத்துக்காரர். அண்ணன் தம்பியெல்லாம் துபாய், குவைத் என்று போயிருக்க, இவர் மட்டும் காக்கிச் சட்டை போட்டவர். அங்கே நடந்ததை அவர் எனக்குப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார்.

மூன்றாவதோ நான்காவதோ பஸ். உள்ளே நிற்க இடமில்லை. யாரைப் பார்த்தாலும் அசதிதான் தெரிகிறது. தேடப்படுகிறவர்கள் என்று சொன்னால் ஏழுமலை குதித்து ஓடினாலும் ஓடுவான். காதர் படியில் ஏறி நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார்: "யாழினி பாப்பா மலையனூர்ல போலீஸ்கிட்ட பத்திரமா கீது. அவங்கம்மா பஸ்ஸுல இருந்தா எறங்குங்க."

பஸ் முழுக்கச் சத்தம் அடங்கியது. பின்னாலிருந்து ஒரு குரல், அழுகையா கூச்சலா என்று சொல்ல முடியாத குரல். தேவகி ஜனங்களின் தோள்மேல் விழுந்து எழுந்து முன்னால் வந்திருக்கிறாள். அண்ணன் பின்னாலேயே வந்தான். அவன் கையில் ஒரு மஞ்சள் பை. இறங்கியதும் காதர் அந்தப் பையை வாங்கிப் பார்த்தார். திருவிழாக் கடையில் வாங்கிய புதுக் கொடுவாள், சுற்றிய பேப்பர்கூடப் பிரிக்காமல்.

"இது எதுக்குப்பா?"

"மல்லாட்டை அறுக்க" என்றானாம் ஏழுமலை.

"மல்லாட்டையப் பிடுங்குவாங்க. நீ அறுப்பியா?" என்று கேட்டிருக்கிறார் காதர்.

அவன் அப்படியே சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டானாம். போலீசுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்குத் தேவகிதான் பதில் சொல்லியிருக்கிறாள். முன்பு ஒரு முறை ஒரு ஸ்டேஷனுக்குப் போனபோது, பெற்ற அப்பன்தானே, குடும்ப விவகாரத்தைக் குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம்.

வயர்லெஸ்ஸில் சேதி வந்தபோது எஸ்.ஐ. அம்மா திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் கொடுக்காமலே அந்த மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். குமரவேலிடம் கொடுவாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உங்கம்மா நல்லா இருக்காங்க. கொழந்தையோட அம்மாவும் நல்லா இருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

குழந்தையை நான் ஜீப்பில் திண்டிவனம் கொண்டுபோக வேண்டும், குமரவேலை வேறு வண்டியில் விசாரணைக்கு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அவர் குழந்தையைத் தொடலாமா என்றுகூடக் கேட்கவில்லை. ஜீப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவளைத் தூக்கி ஏறும்போது விழித்துக்கொண்டாள். அவரைப் பார்த்தாள். அன்று முழுக்க வாய் திறக்காத பிள்ளை விரலை நீட்டி, "அப்பா கால்ல ரத்தம்" என்றது.

ரேவதிதான் பஞ்சையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். இந்த முறை வேண்டாம் என்று சொல்லாமல் அவர் காலை நீட்டினார். கட்டுப் போட்டு முடியும் வரை குழந்தை ஜீப்பிலிருந்து கழுத்தை எக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தது. எஸ்.ஐ. அம்மா டிரைவரை வண்டி எடுக்கச் சொல்லாமல் காத்திருந்தார்.

திண்டிவனத்தில் தேவகியிடம் கொடுப்பதற்கு முன்னும் நான் முறைப்படியே கேட்டேன். அவளுக்குக் கோபம் வரும் என்று தெரியும். "காதுல என்னம்மா?" என்றேன். "காலையில எங்கண்ணன் மடியில வெச்சுக் குத்தினோம். வலது காதுல கொஞ்சம் ரத்தம் வந்துச்சு" என்றவள் அதற்கு மேல் முடியாமல் கையை நீட்டினாள். குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்ட பிறகுதான் என் விசில் கயிறு விடுபட்டது.

எஸ்.ஐ. அம்மா மறுநாள் இரு தரப்பையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். ஏழுமலையைக் கடுமையாக எச்சரித்தார். கொடுவாள் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. குமரவேலிடம், "பாக்கணும்னா கோர்ட்டுல கேட்டு வாங்குங்க. கூட்டத்துல எடுக்காதீங்க" என்றார். அவர் அப்படியே செய்தார். விழுப்புரத்தில் வழக்கு நடந்தது. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

குமரவேலின் வக்கீல் என்னைக் கேட்டார்: "அவர் தகப்பன் என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. பிறகு ஏன் குழந்தையைக் கொடுக்கவில்லை?"

பதில் ஒன்றும் தயார் செய்துகொண்டு போகவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னேன். "குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாதுங்க சார். குடுக்காம வெச்சிருந்தா எப்ப வேணும்னாலும் குடுக்கலாம்."

வக்கீல் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொன்னது சரியான பதிலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கூண்டிலிருந்து இறங்கும்போது குமரவேல் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்ததா, வேறேதும் இருந்ததா என்று சொல்ல முடியவில்லை.

மாதத்தில் ஒரு நாள் கோர்ட் வளாகத்தில் வைத்து அப்பா குழந்தையைப் பார்க்கலாம் என்று உத்தரவாயிற்று. அதன் பிறகு வேறொரு வழக்குக்காக நான் விழுப்புரம் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். அன்று அவர்களுடைய நாளாக இருந்திருக்கிறது. வராந்தா முழுக்க ஜனம். வக்கீல்கள், வாய்தாவுக்கு வந்தவர்கள், டீ தம்ளரோடு ஓடுபவர்கள். ஒரு கோடியில் குமரவேல் யாழினியின் கையைப் பிடித்தபடி நின்றார். மறு கோடியில் தேவகி. நேரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. அவர் குனிந்து மகளிடம் ஏதோ சொல்லிக் கையை விட்டார். தேவகி அங்கிருந்தே கையை நீட்டினாள். இருவரும் ஆளுக்கொரு அடிகூட முன்னால் வரவில்லை.

முடி வளர்ந்து சிவப்பு ரிப்பனில் இரட்டைச் சடை போட்டிருந்த அந்தக் குழந்தை நடந்து வர ஆரம்பித்தது. என்னைத் தாண்டித்தான் போயிற்று. என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை. நடு வராந்தாவில் ஒரு கூட்டம் குறுக்கே வந்தது. சிவப்பு ரிப்பன் மறைந்தது. நான் என்னையறியாமல் இரண்டு எட்டு வைத்துவிட்டேன். இந்தக் கோடியில் குமரவேலும் எக்கினார், அந்தக் கோடியில் தேவகியும் எக்கினாள். ஒரு வக்கீலின் கறுப்பு அங்கிக்கு அந்தப் பக்கம் ரிப்பன் மறுபடி தெரிந்து, தேவகியின் விரல்கள் அந்தச் சின்னக் கையைப் பற்றி மூடும் வரை நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை.